வெர்னியரும் வெறும் வாயும்

ஓசூர்த் தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரம் மயிரிழை பருத்துவிட்டாலும் கழித்துப் போட்டுவிடுவார்கள். "ஏறக்குறையச் சரிதான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஷிப்டு முடிந்து அதே மனிதர்கள் தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்காரட்டும்; ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிப் பேச்சு எழட்டும். வெர்னியர் பிடித்த கை காற்றிலே கோடு கிழிக்கத் தொடங்கிவிடும்! "குண்டு பூக்கூடையில் இருந்தது" என்பார் ஒருவர். "இல்லை, கம்பளத்துக்கு அடியில்" என்பார் மற்றவர். மூன்றாவது கதைக்கும் ஆள் தயாராக இருப்பார்.

இது அவர்களுக்குத் தூரத்துச் சங்கதியுமல்ல. 1991 மே 21 இரவு கொலை நடந்த ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து பெங்களூர் போகிற இதே பாதையில்தான் இருக்கிறது. சதிக்கு முன்னின்ற சிவராசன், அந்த ஆண்டு ஆகஸ்டில், ஓசூருக்கு அப்பால் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில், போலீஸ் முற்றுகைக்குள் மாண்டான்.

நடந்ததை அறிய வழியில்லாமலா போயிற்று? ஹரிபாபு என்ற புகைப்படக்காரர் குண்டுவெடிப்பில் இறந்தார். அவருடைய காமிரா பிழைத்தது. அதில் 10 படங்கள். மாலையோடு காத்து நிற்கும் தனு, வெள்ளை உடையில் சிவராசன், கடைசியில் வெறும் தீப்பிழம்பு! பிலிம் சுருளில் முன்னது பின்னதாக மாறாது. யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராயிருந்த டாக்டர் பி. சந்திரசேகரன் காயங்களையும் துணித் துண்டுகளையும் ஆராய்ந்தார். ஒரு பெண்ணின் தலையும் கைகால்களும் கிடைத்தன. நடு உடல் சிதறிப் போயிருந்தது. குண்டு பூக்கூடையில் இல்லை, அவள் உடம்போடு கட்டியிருந்த கச்சையில் இருந்தது என்று அவர் கண்டார். பூக்கூடைக் கதை அன்றே செத்தது. நம் வாயில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது!

"படமும் அளவும் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?" என்று கேட்பீர்கள். சொல்லாது. எங்கே நின்றாள் என்று சொல்லும்; யார் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லாது. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனை. 19 பேர் வெளியே வந்தார்கள். அந்த நால்வரின் தூக்கும் பின்னாளில் ஆயுளாகக் குறைந்தது. நீதிமன்றத் தீர்ப்பையே மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்த இடத்தில், பெஞ்சுத் தீர்ப்புக்கு என்ன யோக்கியதை?

தேநீர்க் கடையையாவது மன்னிக்கலாம். பேனா பிடித்தவனை மன்னிக்க முடியாது. கற்பனை என் பிழைப்பு. ஆகவே அதன் எல்லையும் எனக்குத் தெரியும். அன்று செத்தவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. ராஜீவுக்குக் கவிதை சொல்லிக் காட்ட வந்தவள். நம் தொடர்கதைக்குச் சுவை கூட்டுவதற்காக அவள் சாவை இடம் மாற்றி வைக்க நமக்கு உரிமை கிடையாது.

எழுத்தாள நண்பர்களே! எழுதுமுன் அந்தப் படங்களைப் பாருங்கள். பார்த்த பிறகும் ஐயம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். விடையை மட்டும் இட்டுக்கட்டாதீர்கள்.