பாட்டி புடவை, என் பாவாடை

போன ஆண்டு விழாவில் கும்மி ஆட 8 பேர் சேர்ந்தோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி அரக்குக் கலரில் புதுப் பட்டுப்பாவாடை என்று முடிவானது. மறுநாளே 2 பேர் "கால் வலிக்குது" என்று விலகிவிட்டார்கள். அதில் ஒருத்தி, அந்த வருஷப் பொங்கலுக்குப் பழைய புடவையில் தைத்த பாவாடை கட்டி வந்தவள். "ஏய், இது உங்க அம்மா புடவைதானே?" என்று எல்லார் முன்னாடியும் சிரித்துக் கேட்டது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இந்த வருஷம் எங்கள் வீட்டிலும் புதுசு எடுக்க முடியவில்லை. பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துக் கொடுத்தாங்க. ஒரே மடிப்பிலேயே வருஷக்கணக்காக இருந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப் போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இற்ற இடத்தில் எல்லாம் சாக்பீஸ் கோடு போட்டோம். ஐந்தரை மீட்டரில் 3 மீட்டருக்கு மேல் நல்ல துணி தேறியது! ஒட்டுப் போட்ட தையல் எல்லாம் கொசுவத்துக்குள் மறைஞ்சு போச்சு. ஒரு பக்கத்துக் கரை பாவாடைக்கு, இன்னொரு பக்கத்துக் கரை சட்டைக் கைக்கு, முந்தானை சட்டைக்கு. பழைய பட்டு இழுவை தாங்காது என்று அம்மா உள்ளே காட்டன் லைனிங் கொடுத்தாங்க. நான் வளர வளரப் பிரித்துவிட 2 டக்கும் பிடிச்சிருக்காங்க.

எங்கள் தெருவுக்குப் பழைய ஜரிகைப் புடவை வாங்குகிறவர் வருவார். அசல் ஜரிகை என்பது தங்க முலாம் பூசிய வெள்ளி இழை. புடவையை எரித்து அந்த வெள்ளியைத்தான் எடுப்பார்களாம். பாட்டி 2 தடவை கொடுக்க மறுத்துட்டாங்க. அந்தக் காரணம் இப்போதான் எனக்குப் புரிகிறது.

"ஒரே கலரா இருந்தால்தானே மேடையில் அழகு?" என்று என் தோழி கேட்கிறாள். டிரில் என்றால் சரி. கும்மி வட்டமாகச் சுற்றி ஆடுவது, 8 கலர் சுற்றினால் கெட்டா போகும்? தலையில் எல்லாரும் கனகாம்பரம் வைத்துக்கொண்டால் ஒரே குழு என்று தெரிந்துவிடும். புதுசு வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் புதுசு இல்லாததால் ஒருத்தி ஆட முடியாமல் போவது தப்பு என்பது என் கருத்து.

வெள்ளிக்கிழமைக்குள் இந்த வருஷக் கும்மிக்குப் பேர் கொடுக்கணும். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் பாவாடைக் கரையை மட்டும் தொட்டுப் பார்த்தாள். டீச்சர், ஒரே ஒரு இடம் காலியாக வையுங்க, ப்ளீஸ்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி