வீடு இருக்கிறது, வருவாய் இல்லை

முதுமையில் தலைக்கு மேல் கூரை இருந்தும் கையில் காசில்லாத நிலை, இந்திய நடுத்தரக் குடும்பங்களில் புதிதல்ல. வாழ்நாள் சேமிப்பை எல்லாம் செங்கல்லிலும் சிமெண்டிலும் போட்டுவிட்டவர்கள், மருந்துச் செலவுக்குப் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்கிறார்கள். இவர்களுக்கென 2007-08 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்ததுதான் 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' எனப்படும் தலைகீழ் அடமானத் திட்டம். அதே ஆண்டு மே மாதம் தேசிய வீட்டுவசதி வங்கி அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆண்டுகள் பல கடந்தும் திட்டம் மக்களிடையே வேரூன்றவில்லை.

வழக்கமான வீட்டுக் கடனில் வாங்கியவர் வங்கிக்கு மாதத் தவணை கட்டுகிறார். இதில் வங்கி, வீட்டின் உரிமையாளருக்கு மாதந்தோறும் பணம் தருகிறது. 60 வயது நிறைந்தவர், தாமே சம்பாதித்து, தாமே குடியிருக்கும் வீட்டை அடமானமாக வைக்கலாம். அவரும் துணைவரும் உயிரோடு அந்த வீட்டில் வாழும்வரை கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. இருவரது காலத்துக்குப் பிறகு கடனை அடைத்து வீட்டை மீட்கும் முதல் வாய்ப்பு வாரிசுகளுக்கு உண்டு. அவர்கள் மறுத்தால் வங்கி வீட்டை விற்றுக் கடனைக் கழித்துக்கொண்டு, மீதியை அவர்களிடமே தர வேண்டும். கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது என்று 2008-இல் சட்டமும் திருத்தப்பட்டது.

இத்தனை இருந்தும் திட்டம் ஏன் எடுபடவில்லை? வீட்டின் மீது இந்தியர்களுக்குள்ள பற்றும், அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் ஆசையுமே காரணம் என்பது தில்லியில் வழக்கமாகக் கூறப்படும் பதில். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், அந்தப் பதில் திட்டத்தின் குறைகளை மறைத்துவிடுகிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். வீட்டின் மதிப்பு 50 லட்சம் ரூபாய். அதில் 60 சதவீதம், அதாவது 30 லட்சம் ரூபாய்தான் கடன் வரம்பு என்று கொள்வோம். வட்டி 10 சதவீதம், காலம் 15 ஆண்டு என்றால், முதியவர் கையில் மாதம் கிடைப்பது சுமார் 7,240 ரூபாய். 15 ஆண்டுகளில் அவர் பெறும் மொத்தத் தொகை ஏறத்தாழ 13 லட்சம். கடனாக நிற்பதோ 30 லட்சம். இடைப்பட்ட 17 லட்சமும் வட்டி. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால், கடைசி ஆண்டில் அந்த 7,240 ரூபாயின் வாங்கும் சக்தி இன்றைய 3,000 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அதைவிடப் பெரிய குறை, தவணைக்கு முடிவு உண்டு என்பது. 65 வயதில் 15 ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு 80 வயதில் பணம் நின்றுவிடும். வீட்டைவிட்டு யாரும் வெளியேற்ற மாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால், உழைக்கவே இயலாத, மருத்துவச் செலவு மிகுந்த வயதில் வருவாய் அற்றுப்போகிறது. ஆயுள் முழுதும் பணம் தரும் வகையை 2009-இல் சென்ட்ரல் வங்கியும் ஸ்டார் யூனியன் டாய்-இச்சி ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் இணைந்து அறிமுகப்படுத்தின. அந்த நல்ல தொடக்கம் பரவலாகவில்லை.

இந்தத் திட்டம் மிகவும் தேவைப்படும் மாநிலம் கேரளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் நாட்டில் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளில் பெற்றோர் தனித்திருக்கும் நிலை அங்கு சாதாரணம். ஆனால், கொச்சியில் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயல்கள் சூழ்ந்த கும்பளங்கியைப் பார்த்தால், திட்டத்தின் நிபந்தனைகள் எங்கே இடறுகின்றன என்பது விளங்கும்.

நாட்டின் முதல் மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று பெயரெடுத்த ஊர் அது. சீன வலைகளையும் பொக்காளி வயல்களையும் காண வெளியூரார் வருகிறார்கள். அந்த ஊரின் தாழ்வான பகுதிகளில் கடல் ஓதம் உயரும்போது உப்பு நீர் முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் புகுகிறது. உப்பேறிய சுவர் பூச்சு உதிர்கிறது, அடித்தளம் அரிக்கப்படுகிறது. அடமானம் வைக்கும் கட்டடம் இன்னும் குறைந்தது 20 ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. ஆண்டுதோறும் உப்பு நீரில் நனையும் வீட்டுக்கு அந்தச் சான்றை எந்தப் பொறியாளர் தருவார்? கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதற்காக, கொச்சியை அடுத்த மரடில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. அதன் பிறகு காயலோர வீட்டின் பேரில் கடன் தர எந்த வங்கியும் யோசிக்கவே செய்யும்.

ஆக, வேறு சொத்தில்லாத முதியவரின் ஒரே முதலீடு கண்ணெதிரே கரைகிறது. அது கரைவதற்கு முன்பு வருவாயாக மாற்றவும் வழியில்லை. தமிழ்நாட்டு நிலையும் வேறல்ல. பாட்டன் பெயரில் பட்டாவும், பாகம் பிரிக்காத பத்திரமும் உள்ள வீடுகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லை.

அமெரிக்காவில் இத்தகைய கடனுக்கு 1980-களின் இறுதியிலிருந்தே கூட்டாட்சி அரசின் காப்பீடு உண்டு. வீட்டின் விலை கடனைவிடக் குறைந்தால் இழப்பைக் காப்பீட்டு நிதி ஏற்கிறது. வீட்டில் வாழும் காலம் முழுவதும் மாதப் பணம் பெறும் வகையும் உண்டு. கடன் வாங்குமுன் சுதந்திரமான ஆலோசகரைச் சந்திப்பது கட்டாயம். அங்கும் சொத்து வரி கட்ட முடியாமல் வீட்டை இழந்தவர்கள் உண்டு. அதைக் கண்டபின் விதிகள் இறுக்கப்பட்டன.

கடன் வேண்டாம் என்போருக்கு மிஞ்சும் வழி, வீட்டைப் பிள்ளை பெயரில் எழுதிவைத்துப் பராமரிப்பை எதிர்பார்ப்பதே. அது பொய்த்துப்போகும் குடும்பங்களுக்காக அதே 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கவனித்துக்கொள்வதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. ஆனால் அதற்குப் பெற்ற பிள்ளைக்கு எதிராகத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். மாத வருவாய் கையில் இருந்தால் பல பெற்றோருக்கு அந்த நிலையே வராது.

மத்திய அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆயுள் முழுதும் பணம் கிடைக்கும் வகையே பொது விதியாக வேண்டும். வீட்டு விலை சரிந்தால் வங்கிக்கு ஏற்படும் இழப்பைப் பொதுத்துறைக் காப்பீட்டு நிதி ஒன்று தாங்க வேண்டும். வங்கியைச் சாராத ஆலோசனை கட்டாயமாக வேண்டும். ஓதநீர் புகும் கும்பளங்கி போன்ற ஊர்களில் அடித்தளத்தை உயர்த்தவும் சுவரைச் செப்பனிடவும் ஆகும் செலவைக் கடனின் முதல் தவணையாகவே வழங்கலாம்.

ஏழை முதியோருக்கு, 60 முதல் 79 வயதுவரை, மத்திய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய். அதை உயர்த்தத் தயங்கும் அரசு, முதியோர் தம் சொந்தச் சொத்திலிருந்து கண்ணியமாக வாழவாவது வழிசெய்ய வேண்டும். அரசுக் கருவூலத்திலிருந்து இதற்குத் தேவைப்படுவது மானியமல்ல, உத்தரவாதம் மட்டுமே.