96 சதவீதத்தில் ஒரு குழந்தைகூட இல்லை

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கிற ஜூனியர்ஸ், கொஞ்சம் நில்லுங்க.

"குழந்தைகளின் தூக்கப் பதிவில் கண் அசைவுகளைத் தானாகக் கண்டறிதல்". இதுதான் எங்க டீமோட தலைப்பு. முதல் ரிவ்யூவில் 96 சதவீதம் அக்யூரசி காட்டினோம், பாராட்டு வாங்கினோம். அந்த டேட்டாவில் ஒரு குழந்தைகூட இல்லைங்கிறதை யாரும் கேட்கலை. நாங்களும் சொல்லலை.

நாங்க எடுத்தது ஸ்லீப்-இடிஎஃப். இலவசம், உடனே டவுன்லோட் ஆகும். நாங்க பயன்படுத்தின பகுதியில் இருக்கிறவங்களுக்கு வயசு 25-ல இருந்து 101 வரை. தாத்தாவுக்கு அளவெடுத்து பேரனுக்குச் சட்டை தைச்ச கதைதான்.

"கண்ணு கண்ணுதானே, வயசுல என்ன இருக்கு?"ன்னு நானும் நினைச்சேன். நம்ம கண்ணு ஒரு குட்டி பேட்டரி மாதிரி. முன்பக்கம் பாசிட்டிவ், பின்பக்கம் நெகட்டிவ். கண் திரும்பினா, ஓரத்தில் ஒட்டின எலக்ட்ரோடில் வோல்டேஜ் மாறும். ரெண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்புறதால, ஒரு சேனலில் கோடு மேலே போனா மற்றதில் கீழே இறங்கும். ஆனா ஆழ்ந்த தூக்கத்தில் வர்ற மூளையோட மெதுவான அலை கண் சேனலிலும் கலந்திடும்; அப்போ ரெண்டு கோடும் ஒரே திசையில் போகும். குழந்தைகளுக்கு இந்த அலை பெரியவங்களைவிட ரொம்பப் பெரிசு. ரெண்டு கண்ணையும் தனித்தனியா பதிவு பண்ணி ஒப்பிட்டாதான் எது கண், எது மூளைன்னு நம்பிப் பிரிக்க முடியும். எங்க டேட்டாசெட்டில் கண்ணுக்கு இருந்ததே ஒரு சேனல்தான்!

அப்போ அந்த 96? எட்டு மணி நேரத் தூக்கம்னா 28,800 நொடி. பேச்சுக்கு, அதில் 4 சதவீத நொடிகளில்தான் கண் அசைவு இருக்குன்னு வைங்க. எல்லா நொடிக்கும் "இல்லை"ன்னு மட்டும் சொல்ற ஒரு வரி கோடுக்கும் 96 கிடைக்கும். அதனால அடுத்த தடவை யாராவது அக்யூரசி காட்டினா, இருந்த அசைவில் எத்தனையைப் பிடிச்சீங்க, பிடிச்சதில் எத்தனை பொய்னு கேளுங்க. எங்ககிட்டயும்தான்.

இதில் வேடிக்கை என்னன்னா, இந்தத் துறையே ஒரு குழந்தையில் இருந்துதான் ஆரம்பிச்சது. 1951-ல சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி தன்னோட எட்டு வயசுப் பையன் முகத்தில் எலக்ட்ரோடு ஒட்டித்தான் ராத்திரி முழுக்கப் பதிவு பண்ணார். ரெம் தூக்கம் பற்றி அவரும் கிளைட்மனும் எழுதின கட்டுரை 1953-ல வந்தது.

மார்க்குக்குப் பண்றதுதானே, விடுன்னு சொல்லலாம். ஆனா குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது பெரும்பாலும் ரெம் நேரத்தில்தான். ரெம் எதுன்னு தப்பா காட்டுற மென்பொருளை ஒரு டாக்டர் நம்பினா, பாதிப்பு நமக்கில்லை.

அமெரிக்காவில் நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனையின் பதிவுகள் ஆயிரக்கணக்கில் ஆராய்ச்சிக்குக் கிடைக்குது. விண்ணப்பிக்கணும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடணும். நாங்க சோம்பேறித்தனமா அதைத் தள்ளிப் போட்டோம்.

"இப்போ தலைப்பை மாத்தினா மார்க் போயிடும் மச்சி"ன்னு டீம்ல ஒருத்தன் ரெண்டு நாளா பேசலை. திங்கட்கிழமை ரெண்டாவது ரிவ்யூ. முதல் ஸ்லைடிலேயே "வயது 25–101"ன்னு பெரிய எழுத்தில் போட்டிருக்கேன்.