மாநிறத்துக்கு மரியாதை!

காலேஜ் டூர்னா ரெண்டு சண்டை நிச்சயம். கிளம்பும்போது ஜன்னல் சீட்டுக்கு ஒண்ணு. திரும்பி வந்து ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு: "டேய், ஸ்கிரீன்ல பச்சைப்பசேல்னு இருந்த மலை, பிரின்ட்ல ஏன்டா அவிச்ச கீரை மாதிரி இருக்கு?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் படிக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். கச்சிராயபாளையம், கோமுகி அணைன்னு போய் கல்வராயன் மலை ஏறிட்டா, மேகம் அருவி, பெரியார் அருவி, வெள்ளிமலைன்னு கேமராவுக்கு ஓய்வே கிடையாது. பச்சையிலயே பத்து தினுசு. சாமைக் கதிர் ஒரு பச்சை, மரவள்ளி இலை ஒரு பச்சை, அருவிப் பாறையில பாசி ஒரு பச்சை. பிரின்ட்ல எல்லாம் ஒரே பச்சை!

லேப் அண்ணனைத் திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. பல கேஸ்கள்ல குற்றவாளி அவர் இல்லை. அவர் கைக்கு வந்த ஃபைல்ல ஒரு சின்னச் சீட்டு காணாமப் போயிருக்கும். அதுக்குப் பேரு கலர் புரொஃபைல்.

எந்த ஊரு படி?

டிஜிட்டல் போட்டோவுல நிறமே கிடையாது பாஸ், நம்பர்தான் இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர். உதாரணமா 150, 100, 70. கிட்டத்தட்ட நம்ம மாநிறம்.

ஆனா அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் படி அளவு மாறும். 'நாலு படி சாமை'ன்னா, 'எந்த ஊரு படி?'ன்னு கேட்டுட்டுத்தான் விலை பேசணும். போட்டோவுக்கும் அதே கேள்விதான். 150ன்னா எந்த ஊரு 150? அதுக்கான பதிலை எழுதி ஃபைலோட கட்டி அனுப்புற சீட்டுதான் புரொஃபைல். இந்தச் சீட்டு எல்லா கம்பெனி மெஷினுக்கும் புரியணும்னு 1993ல ஐ.சி.சி. அமைப்பை ஆரம்பிச்சாங்க. அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உட்பட எட்டு கம்பெனிகள் சேர்ந்து செஞ்ச வேலை.

நாம அடிக்கடி பார்க்கிற 'ஊர்கள்' மூணு. ஒண்ணு எஸ்.ஆர்.ஜி.பி. 1996ல ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து கொண்டுவந்தது. இன்டர்நெட்டுக்கும் பெரும்பாலான கலர் லேப்களுக்கும் இதுதான் பொதுப்படி. ரெண்டாவது அடோபி ஆர்.ஜி.பி., 1998ல வந்தது. இதுல இடம் ஜாஸ்தி, முக்கியமா பச்சைப் பக்கம். மூணாவது டிஸ்ப்ளே பி3. ஐபோன்ல 2016லேர்ந்து இருக்கு.

இப்ப அவிச்ச கீரைக்கு வருவோம். கேமராவுல அடோபி ஆர்.ஜி.பி. வெச்சு எடுத்த படத்தை, சீட்டைப் பார்க்காத ஒரு மெஷின் எஸ்.ஆர்.ஜி.பி.ன்னு நினைச்சுப் படிச்சா, மலை வெளிறிப் போகும். பெரிய படியில அளந்ததைச் சின்னப் படின்னு கணக்கு எழுதின மாதிரி!

இதுக்கு மருந்து போட்டோஷாப்லயும் இருக்கு, காசில்லாம கிடைக்கிற ஜிம்ப்லயும் இருக்கு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஆப்ஷன் இருக்கும். 'அசைன்' பண்ணினா சீட்டு மட்டும் மாறும், நம்பர் அப்படியே இருக்கும். அதனால நிறம் மாறிடும். 'கன்வர்ட்' பண்ணினா புதுப் படியில திரும்ப அளந்து நம்பரை மாத்தும். நிறம் முடிஞ்ச வரைக்கும் அப்படியே நிக்கும். லேப்புக்குக் கொடுக்க நமக்கு வேண்டியது கன்வர்ட். சீட்டே இல்லாத அநாதை ஃபைலுக்கு மட்டும்தான் அசைன்.

மலை மங்கினா பரவாயில்லை, முகம்?

பச்சை கொஞ்சம் மங்கினா மனசு கேட்காது, அவ்ளோதான். ஆனா முகம் மாறினா அது ஆளையே மாத்தின மாதிரி. இதுக்கு ஒரு பழைய கதை உண்டு.

1950கள்லேர்ந்து கோடக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல்ல போஸ் கொடுத்த கோடக் ஊழியர் பேரு ஷெர்லிங்கறதால, பின்னாடி யார் நின்னாலும் அது 'ஷெர்லி கார்டு'தான். அந்த முகம் சரியா வந்தா மெஷின் சரி. அப்ப கறுப்பா, பழுப்பா இருக்கிறவங்க முகம்? அதைப் பத்தி யாரும் கேட்கலை. கூத்து என்னன்னா, பழுப்பு நிறம் சரியா வரலைன்னு கம்பெனி காதுல விழுற மாதிரி புகார் சொன்னது சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும்தானாம்! கோடக்ல வேலை பார்த்தவங்க சொன்ன இதை கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல எழுதியிருக்காங்க. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிக்கிற கார்டு வந்தது 1990கள்லதான்.

மரத்தோட பழுப்பும் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லலை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. எங்கேயோ உட்கார்ந்து போட்டோவைப் பார்த்து ஆர்டர் கொடுக்கிறவருக்கு, பார்சலைப் பிரிக்கும்போதும் அதே நிறம் தெரியணும். ஆனா சிலைக்குக் கிடைக்கிற மரியாதை செதுக்கினவர் முகத்துக்கும் வேணுமில்ல?

ஷெர்லி கார்டு போயிடுச்சு. அந்தப் புத்தி போகலை. 'ஆட்டோ கரெக்‌ஷன்'ங்கற பேர்லயும், போன்ல 'பியூட்டி' ஃபில்டர்ங்கற பேர்லயும் உட்கார்ந்திருக்கு. 'முகம் பளிச்சுன்னு வரட்டும்'னு நம்மாளுங்களும் கேட்கறாங்க. கல்யாண ஆல்பத்துல பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்கறாங்க. கல்வராயன் மலையில மலையாளி பழங்குடிப் பெரியவர் ஒருத்தரை அனுமதி கேட்டுப் படம் எடுக்கறீங்க. பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கறீங்க. அதுல இருக்கிறது வேற யாரோன்னா அவருக்கு எப்படி இருக்கும்?

கையில வெச்சுக்க வேண்டிய லிஸ்ட்

* மரத்தடியில நின்னா இலை வழியா வர்ற வெளிச்சம் முகத்துல பச்சை பூசும். புரொஃபைல் இதைச் சரி பண்ணாது. அங்கேயே ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடிச்சு ஒரு ஷாட் எடுத்துக்குங்க. அதை வெச்சு வொயிட் பேலன்ஸ் பண்ணலாம்.

* எடிட் பண்ணும்போது ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைங்க, நைட் லைட்டை அணைச்சிடுங்க. ஃபுல் வெளிச்சத்துல பார்த்து எடிட் பண்ணின படம் பிரின்ட்ல இருட்டாத்தான் வரும்.

* ஒரிஜினலைத் தொடாதீங்க. காப்பி எடுத்து, எல்லா வேலையும் முடிஞ்ச பிறகு கடைசியா எஸ்.ஆர்.ஜி.பி.க்கு கன்வர்ட் பண்ணி, புரொஃபைலோட சேவ் பண்ணுங்க.

* வாட்ஸ்அப்ல அனுப்பறதா இருந்தா 'டாகுமென்ட்'டா அனுப்புங்க. போட்டோவா அனுப்பினா நசுங்கிடும்.

* லேப்ல ரெண்டே கேள்வி: "எந்த புரொஃபைல்ல வேணும்ணா? ஆட்டோ கரெக்‌ஷன் இல்லாம போட முடியுமா?" முதல்ல சின்ன சைஸ்ல ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருங்க. கடை டியூப்லைட்ல பார்த்து முடிவு பண்ணாம, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க.

* காலேஜ் ஆண்டு மலருக்குன்னா கதை வேற. ஆஃப்செட் அச்சுக்கு நாலு மை, அதனால சி.எம்.ஒய்.கே. நீங்களா மாத்தாம, அச்சகத்துல கேட்டுட்டு செய்யுங்க.

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். வீட்டுல பாட்டியை வாசல் வெளிச்சத்துல உட்கார வெச்சு ஒரு படம் எடுங்க. ஃபில்டர் கிடையாது. மேலே சொன்னபடி பிரின்ட் போட்டு அவங்க கையில கொடுங்க. "யாருடா இது?"ன்னு கேட்டா மறுபடி லேப்புக்கு நடங்க. "என் சுருக்கம் கூட விடாம எடுத்திருக்கியே பாவி!"ன்னு திட்டினா, நீங்க பாஸ்!