‘யா’ அடித்தால் ‘ஜா’ வருகிறது, ரீச்சர்!

“ரீச்சர், நான் யாழ்ப்பாணம் எண்டுதான் அடிச்சனான். இது ஜால்பானம் எண்டு காட்டுது!”

ஒன்பது வயதுப் பிள்ளை. கையில் என்னுடைய பழைய டேப்லெட். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனைதான். பிழை பிள்ளையுடையது இல்லை. டொச்சில் ‘ஜே’ எழுத்துக்கு ஒலி ‘ய’. ‘யா’ என்று சொல்லித்தானே இங்கே பிள்ளைகள் ‘ஓம்’ என்கிறார்கள்! ஆகவே அவன் ‘ஜே’யை அழுத்தினான். அந்தச் செயலியோ ஆங்கிலம் தெரிந்தவர்களை நினைத்துச் செய்யப்பட்டது. அது ‘ஜ’ கொடுத்தது. ‘ழ’வுக்கும் ‘ண’வுக்கும் என்ன அழுத்துவது என்று அவனுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் நான் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம். நான் படித்த காலத்தில் போட்டோக்கொப்பித் தாள்தான் எல்லாம். இந்தப் பிள்ளைகள் போனோடு வளர்கிறவர்கள், இணையத்தை வகுப்புக்குள் கொண்டுவந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன்.

முதல் ஏமாற்றம் சுவரிலேயே இருந்தது. 2019இல் ஜேர்மன் மத்திய அரசு ‘டிஜிட்டல்பாக்ட்’ என்ற திட்டத்தில் பாடசாலைகளுக்கு 500 கோடி யூரோ ஒதுக்கியது. நாங்கள் வார இறுதியில் இரவல் வாங்கும் வகுப்பறையிலும் அழகான மின்பலகை ஒன்று தொங்குகிறது. ஆனால் அதைத் திறக்கும் கடவுச்சொல் எங்களுக்குக் கிடையாது. என்னுடைய மடிக்கணினி, என்னுடைய போன் இணைப்பு, இரண்டு பழைய டேப்லெட். இவ்வளவும்தான் எங்கள் டிஜிட்டல் புரட்சி.

இரண்டாவது பாடம் வினாடி வினா விளையாட்டில் கிடைத்தது. படத்தைப் பார்த்து நான்கு சொல்லில் சரியானதை அழுத்த வேண்டும். ஒரே ஆரவாரம். வெளியே நின்ற பெற்றோருக்கும் சந்தோஷம். ஆனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டபோது விளங்கியது: சண்டை, சிரிப்பு, கத்தல் எல்லாமே டொச்சில்தான். விளையாட்டு முடிந்ததும் “சரி, ‘நண்டு’ எண்டு எழுதுங்கோ பாப்பம்” என்றேன். மூன்று பேர்தான் எழுதினார்கள். மற்றவர்கள் நிறத்தைப் பார்த்து அழுத்தியிருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்து அல்ல.

‘ஜால்பானம்’ வந்த பிறகுதான் வழியை மாற்றினேன். ஆங்கில எழுத்தில் அடிக்கும் முறையை நிறுத்திவிட்டு தமிழ்99 விசைப்பலகையைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினேன். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய முறை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். ‘க’வும் ‘ஒ’வும் அழுத்தினால் ‘கொ’. அ, ம, ம, ஆ என்று அழுத்தினால் ‘அம்மா’. முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாகவே விழும். உயிரும் மெய்யும் சேர்ந்துதான் உயிர்மெய் என்று நான் மாதக்கணக்கில் கரும்பலகையில் சொன்னதை, பிள்ளைகள் விரல் நுனியில் கண்டுபிடித்தார்கள். ஐபோனில் இது உள்ளேயே இருக்கிறது. மற்றப் போன்களுக்கு ‘செல்லினம்’ போன்ற செயலிகள் உண்டு.

அடுத்தது, யாருக்கு எழுதுவது? ஊரில் இருக்கிற அம்மம்மா, அப்பப்பாவுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். வட்ஸ்அப்புக்கு 13 வயது வேண்டும் என்பதால் தாய் தகப்பனின் போனில் இருந்துதான். ஒரு பிள்ளை “சாப்பிட்டீங்களா” என்று எழுத்துப் பிழையோடு அனுப்பினாள். பதில் குரலாக வந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தவுடனே கேள்வி: “ரீச்சர், ‘வெள்ளன’ எண்டா என்ன? அம்மம்மா ‘வெள்ளன எழும்பீட்டியோ’ எண்டு கேக்கிறா.” எங்கள் பாடப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. அதைத் தேடிக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளை!

மூத்த ஆசிரியர்களுக்கு இதில் மனக்குறை உண்டு. “போனைத் தொட்டால் கையெழுத்து போயிடும், பிள்ளை” என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பரீட்சை இன்னும் தாளில்தான். அதனால் முதல் ஒரு மணித்தியாலம் கொப்பியும் பென்சிலும் மட்டும். இன்னொன்றிலும் கவனமாக இருக்கிறேன். இங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் தரவுகளை இணையச் சேவைகள் பிள்ளையின் சம்மதத்தை மட்டும் வைத்துக் கையாள முடியாது, பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே பிள்ளைகள் பெயரில் கணக்குத் திறப்பதில்லை. குரலையோ படத்தையோ எங்கும் போடுவதில்லை.

இணையத்தில் தமிழுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல், நூலகம் 2005இல். 2009 ஒக்ரோபரில் கொலோன் பல்கலைக்கழகத்திலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. இல்லாதது வேறொன்று. டொச் எழுத்தை முதலில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எங்கே இடறும் என்று தெரிந்து செய்த பாடம் இல்லை. ‘ஜே’யை ‘ய’ என்றும், ‘வீ’யைப் பெரும்பாலும் ‘ஃப’ என்றும் வாசிக்கிற பிள்ளைக்கு, சென்னையிலோ ரொறொன்ரோவிலோ செய்த செயலி முழுதாகப் பொருந்தாது.

அதைச் செய்யக்கூடியவர்கள் யார்? இங்கே பிறந்து வளர்ந்து, இரண்டு மொழியும் தெரிந்து, கணினித் துறையில் வேலை செய்கிற எங்கள் தலைமுறைதான். ஆனால் அந்தத் தலைமுறையில் பலர் பத்தாம் ஆண்டுப் பரீட்சையோடு தமிழ்ப் பாடசாலைப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. பாடசாலைகளும் அவர்களை ஆண்டு விழாவுக்குக் கதிரை அடுக்கத்தான் கூப்பிடுகின்றன. நிர்வாகங்கள் அவர்களைப் பாடம் செய்யக் கூப்பிடட்டும். ஒரு பாடசாலை செய்ததை மற்றப் பாடசாலைகள் எடுத்துப் பாவிக்கும்படி ஓரிடத்தில் சேர்த்து வைக்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்றிரவே உங்கள் போனில் தமிழ் விசைப்பலகையைப் போடுங்கள். பிள்ளைக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்புவதை நிறுத்திவிட்டு, “எப்ப வருவாய்?” என்று தமிழ் எழுத்தில் கேளுங்கள். பதில் டொச்சில் வந்தாலும் பரவாயில்லை. அவன் வாசித்திருக்கிறான். நான் இரண்டு மணித்தியாலத்தில் செய்ய முடியாததை, மிச்சம் ஆறு நாளில் நீங்கள் செய்யலாம்.

அந்தப் பையன் இப்போது யாழ்ப்பாணத்தைச் சரியாகவே அடிக்கிறான். ‘ழ’வைத் தேடுவதற்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கிறான். எடுக்கட்டும்.