கடல் காத்துக்கு எவ்வளவு வாடகை? ஊரூர் ஒல்காட் குப்பத்துல வீடு தேடறவங்களுக்கு

"பெசன்ட் நகர் வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது, பக்கத்துல ஊரூர் ஒல்காட் குப்பத்துல ஒரு சின்ன வீடு எடுத்தா என்ன?" புதுசா வேலைக்குச் சேர்ந்த பல பேருக்கு இந்த யோசனை வரும். காலையில கண் முழிச்சா கடல், சாயங்காலம் எலியட்ஸ் பீச். ஆசைப்படறதுல தப்பே இல்லை.

என் கருத்தை நேராவே சொல்லிடறேன். கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த ஊர்ல அக்கம்பக்கத்து ஆளா இருக்கத் தயார்னா போங்க. கடல் வியூவுக்காக மட்டும்னா வேண்டாம்.

இது ரிசார்ட் இல்லை. அடையாறு ஆறு கடல்ல கலக்கிற இடத்துக்குத் தெற்கே இருக்கிற மீனவர் ஊர். பேர்ல இருக்கிற ஒல்காட், பிரம்மஞான சபையை நிறுவினவங்கள்ல ஒருத்தரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஒல்காட். அந்தச் சபை 1882-ல அடையாறுக்கு வந்தது. 2015-ல பாடகர் டி.எம்.கிருஷ்ணா உள்ளிட்டவங்க சேர்ந்து இங்கே ஆரம்பிச்ச விழாவுக்கு அப்புறம், ஊர்ப் பேர் இன்னும் நிறைய பேருக்குத் தெரிஞ்சது.

இப்போ கணக்குக்கு வருவோம்.

முதல்ல அட்வான்ஸ். உதாரணத்துக்கு வாடகை 18,000 ரூபாய்னு வைங்க. சென்னை வழக்கப்படி 10 மாச அட்வான்ஸ் கேட்டா 1,80,000. அதே பணம் 7% வட்டியில டெபாசிட்ல இருந்தா வருஷத்துக்கு 12,600 வந்திருக்கும். அதாவது உங்க உண்மையான வாடகை 19,050. தமிழ்நாட்டுல 2019-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாச வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு வரம்பா சொல்லுது. ஆனா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா அதிகமாவும் வாங்கலாம்னு ஒரு வழியும் விட்டிருக்கு. அதனால பேரம் பேசறதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடிதான்.

ரெண்டாவது, எழுத்து ஒப்பந்தம். "நம்ம பையன்தானே, வாய் வார்த்தை போதும்"னு ஓனர் அன்பா சொன்னாலும் எழுதி வாங்கிடுங்க, பதிவும் பண்ணிடுங்க. பழைய வரி முறையில எச்.ஆர்.ஏ. சலுகை கேட்கறீங்கன்னா வாடகை ரசீது வேணும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா ஓனரோட பான் நம்பரும் வேணும். புது வரி முறையில இருந்தா இந்தச் சலுகையே கிடையாது.

மூணாவது, உப்புக் காத்து. பைக் செயின், ஏசி வெளி யூனிட், வாஷிங் மெஷின், கிரில் கேட் எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கும். எந்த ரிப்பேர் யார் செலவுன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. 2004 டிசம்பர் 26 சுனாமியைச் சென்னைக் கடற்கரை பார்த்திருக்கு. வருஷா வருஷம் புயல் சீசன் வேற வருது. வாடகைக்கு இருக்கிறவங்களும் வீட்டுப் பொருளுக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுக்கலாம். அந்தச் செலவையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

கடைசியா, எக்செல் ஷீட்ல வராத ஒரு விஷயம். உங்க ஆபீஸ் ஓ.எம்.ஆர்.ல இருக்கு. இந்த ஊர்க்காரங்களுக்கு ஆபீஸ் கடல்தான். படகும் வலையும் கரையில இருக்க, வீடு மட்டும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தா தொழில் நடக்காது. நீங்க "பெசன்ட் நகரை விட சீப்தானே"ன்னு ரெண்டாயிரம் சேர்த்துக் கொடுக்கத் தயாரா இருந்தா, அடுத்த வீட்டு வாடகையும் ஏறும். புதுசா கல்யாணம் ஆகி அதே தெருவுல வீடு தேடற மீனவக் குடும்பம் என்ன பண்ணும்? உங்களுக்கு அடையாறு, திருவான்மியூர், வேளச்சேரின்னு மாற்று இருக்கு. அவங்களுக்கு இல்லை. அதே சமயம், வாடகையை நம்பி வாழற ஓனரும் அந்த ஊர்லயே இருக்கலாம். அதனால போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். அங்க நடக்கிற ரேட் என்னன்னு விசாரிச்சுட்டு, அதுக்கு மேல ஏத்திக் கேட்டு வீட்டைப் பிடிக்காதீங்க.

வியூ மட்டும்தான் வேணும்னா அதுக்கு மலிவான வழி இருக்கு. கடலுக்காக மாசம் 5,000 கூடுதலா கொடுத்தா வருஷத்துக்கு 60,000. அதுல ஒரு பங்கை எடுத்து, தரங்கம்பாடியில கடல் பார்த்த பழைய பங்களாவுல ரெண்டு நாள் தங்கிட்டு வாங்க. மீதியை எஸ்.ஐ.பி.ல போடுங்க. எலியட்ஸ் பீச்சுக்கு எப்பவும் போல பஸ்ஸுல போங்க, அங்கே டிக்கெட் கிடையாது.

நீங்க கடலோரத்துல வாடகைக்கு இருக்கீங்களா? அட்வான்ஸ் எத்தனை மாசம் கொடுத்தீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.