தறி அறைக்கு வாடகை



2019இல் அத்திவரதரைத் தரிசிக்கக் கூட்டம் குவிந்த 48 நாளும் காஞ்சிபுரத்தில் திண்ணைக்குக்கூடக் கிராக்கி. அடுத்த தரிசனம் நாற்பது ஆண்டு கழித்து, 2059இல்தான். அறையை வாடகைக்கு விட அதுவரை காத்திருக்க வேண்டுமா? பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றுபோன அறைகள் சும்மா கிடக்கின்றன. எங்கள் வீட்டில் குழித்தறிப் பள்ளத்தை மூடி, சிமெண்டு பூசி, கட்டில் போட்டோம். பட்டு எடுக்க வருகிறவர்களும், வைகாசி கருடசேவைக்கு வருகிறவர்களும் தங்குகிறார்கள். பாத்ரூம் மட்டும் அவர்களுக்கென்று தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முகம் சுளிக்கிறார்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிய வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. மத்திய சுற்றுலா அமைச்சகத் திட்டத்தில், குடியிருக்கும் வீட்டிலேயே ஆறு அறைவரை விருந்தினருக்கெனப் பதியலாம். இந்த விதிகளைத் தமிழில் விளக்க, மாநகராட்சி வரி வசூலிக்கும் இடத்தில் ஒரு மேசை போடட்டும்.

– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்